யெல்லோஸ்டோன் ஏரி: மீன்வளமும் மீன்பிடியும்

யெல்லோஸ்டோன் ஏரி அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் 2,357 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பரப்பு 350 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மிக ஆழமான இடம் ஏறத்தாழ 120 மீட்டர். வட அமெரிக்காவில் இவ்வளவு உயரத்தில் இவ்வளவு பெரிய ஏரி வேறில்லை. டிசம்பர் இறுதியில் உறையும் நீர், மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் உருகுகிறது. ஏரியின் ஒரு பகுதி பழைய எரிமலைப் பெருவாயின் மேல் கிடப்பதால் அடித்தரையில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. ஆனாலும் அவற்றால் ஏரி சூடாவதில்லை. ஆகஸ்டில்கூட மேல்நீரின் வெப்பம் 16 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. வடக்கு, மேற்குக் கரைகளை ஒட்டிச் சாலை செல்கிறது. தெற்கிலும் தென்கிழக்கிலும் நீண்டுகிடக்கும் கிளைகளுக்குச் சாலை கிடையாது. படகிலோ குதிரையிலோ நடந்தோதான் போக வேண்டும். அந்தக் கிளைகளின் கோடியில் இயந்திரப் படகுக்கும் அனுமதி இல்லை. தென்கிழக்குக் கிளைக்கு அப்பால் விரியும் தோரோஃபேர் என்ற பகுதி, அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால், அமெரிக்க மண்ணில் சாலையிலிருந்து மிகத் தொலைவிலுள்ள இடம் எனப்படுகிறது.

இத்தனை பெரிய நீர்நிலைக்கு இயற்கையாக வாய்த்த மீன் இனங்கள் இரண்டே. ஒன்று யெல்லோஸ்டோன் கட்த்ரோட் டிரவுட். மற்றது நீள்மூக்கு டேஸ் என்னும் சிறு மீன். பனியுகத்தில் இந்தப் பீடபூமி முழுவதும் பனிப்பாளத்தின் கீழ் இருந்தது. பனி விலகியபின் மீன்கள் மீண்டும் வந்து சேர வேண்டியிருந்தது; வழியோ அடைபட்டிருந்தது. ஏரியிலிருந்து வடக்கே வெளியேறும் யெல்லோஸ்டோன் ஆறு, 33 மீட்டர், 94 மீட்டர் உயரமுள்ள இரண்டு அருவிகளாக விழுகிறது. கீழேயிருந்து எந்த மீனும் அவற்றைத் தாண்டி ஏற முடியாது. பிறகு டிரவுட் எப்படி வந்தது? தெற்கே, கண்டத்தின் நீர்பிரி முகட்டில், டூ ஓஷன் கணவாய் என்ற தாழ்வான இடம் இருக்கிறது. அங்கே ஒரே ஓடை இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பசிபிக் பெருங்கடலை நோக்கியும் மறுகிளை அட்லாண்டிக் பக்கமும் ஓடுகிறது. மீன் அந்த வழியாக முகட்டைக் கடக்க முடியும் என்பதை மீனியல் அறிஞர் பார்ட்டன் எவர்மன் 1891இல் நேரில் சென்று பார்த்து உறுதிசெய்தார். பசிபிக் பக்கத்து ஸ்நேக் ஆற்றிலிருந்து ஏறி வந்த டிரவுட், இந்தப் பக்கம் இறங்கி ஏரியை நிறைத்தது.

கீழ்த்தாடையின் இருபுறமும் ஓடும் செந்நிறக் கீற்று இந்த மீனின் அடையாளம். குஞ்சுப் பருவத்தில் நடு ஏரியில் மிதக்கும் நுண்ணுயிரிகளைத் தின்கிறது. வளர்ந்தபின் கரையோர ஆழமற்ற நீருக்கு வருகிறது. மே முதல் ஜூலை வரை, உருகும் பனிநீர் ஓடைகளில் பெருகும்போது, முட்டையிடக் கூட்டங்கூட்டமாக ஓடையேறுகிறது. ஏரியில் சேரும் 124 ஓடைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இவ்வாறு ஏறியது பதிவாகியிருக்கிறது. ஏரியின் உயிர்வாழ்வை விளக்க இந்த ஒரு பழக்கம் போதும். முழங்கால் ஆழ ஓடையில் நெருக்கியடித்து நிற்கும் மீனை கிரிஸ்லி கரடி வாயால் கவ்விவிடும். ஏரியின் மேல்மட்டத்தில் திரிவதால் விராலடிப்பானும் வெண்டலைக் கழுகும் பெலிக்கனும் அதைப் பிடிக்கின்றன. நீர்நாய்க்கும் அதுவே முதன்மை உணவு. முட்டையிட ஏறும் மீன்களின் கழிவும் செத்த உடலும் ஊட்டம் குறைந்த மலையோடைகளுக்கு நைட்ரஜனைக் கொண்டுசேர்க்கின்றன. வேறோர் ஏரியில் பத்து இனங்கள் பகிர்ந்துகொள்ளும் வேலையை இங்கே ஒரே இனம் செய்தது. வளமான ஏரி என்று பார்த்தவர்கள் எல்லாம் வியந்தார்கள். அந்த வளம் ஒற்றைக் காலில் நின்றதை அப்போது யாரும் பெரிதாக எண்ணவில்லை.

ஏரிக்கரையில் மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கற்கருவிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன, மீன் எலும்புகள் மட்டும் அரிது. ஆகவே பெருமளவு மீன்பிடி என்பது 1872இல் தேசியப் பூங்கா அமைந்ததற்குப் பிந்திய கதை. தொடக்கக் காலத்தில் விடுதிச் சமையலறைகளுக்கு ஏரி மீனே பிடித்துத் தரப்பட்டது. சுற்றுலாவாசிகளுக்கோ தூண்டில் போடுவது யெல்லோஸ்டோன் பயணத்தின் தவறாத அங்கம். ஏரியின் மேற்குக் கிளையான வெஸ்ட் தம்பின் கரையில் நீர்விளிம்பை ஒட்டி ஒரு வெந்நீர் ஊற்றுக் கூம்பு இருக்கிறது. பிடித்த மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றாமலே அதற்குள் இறக்கி வேகவைத்துக் காட்டுவது நெடுங்காலம் ஒரு வேடிக்கையாக நடந்தது. ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தில் உள்ள பாலத்துக்கு ஃபிஷிங் பிரிட்ஜ் என்றே பெயர். தோளோடு தோள் இடிக்க அதன்மேல் நின்று மக்கள் தூண்டில் வீசினார்கள். முட்டையிட வந்த மீன்களையே அங்கே பிடித்தார்கள் என்பதுதான் அதிலிருந்த கேடு.

இதைவிடப் பெரிய சுரண்டல் மீன்வளர்ப்பு என்ற பெயரில் நடந்தது. 1899 முதல் 1950களின் நடுப்பகுதிவரை, ஓடைகளின் குறுக்கே தடுப்பு கட்டி, ஏறிவரும் மீன்களைப் பிடித்து முட்டை பிதுக்கியெடுக்கும் வேலை ஆண்டுதோறும் நடந்தது. மொத்தம் 81 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் எடுக்கப்பட்டன. காட்டு டிரவுட்டின் முட்டைக்கு உலகின் மிகப் பெரிய ஊற்றுக்கண்ணாக அக்காலத்தில் இந்த ஏரி விளங்கியது. முட்டைகள் பல மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றன. ஒரு பகுதி குஞ்சாக ஏரிக்கே திரும்பியது உண்மை. ஆனால் எந்த ஓடைக் குஞ்சு எந்த ஓடைக்குப் போகிறது என்பதைப் பார்த்தவர் இல்லை. பிறந்த ஓடைக்கே திரும்பும் மீன் அது. ஓடைக்கு ஓடை இருந்திருக்கக்கூடிய வேறுபாடுகள் அந்தக் கலப்பில் எவ்வளவு அழிந்தன என்பதை இனிக் கணக்கிட வழியில்லை.

முட்டையெடுப்பு நின்ற நேரத்தில் தூண்டில்காரர் கூட்டம் பெருகியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு காரில் வந்த குடும்பங்கள் 1950களின் இறுதியில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்களை எடுத்துச்சென்றன. நாளொன்றுக்கு 20 மீன் என்றிருந்த வரம்பு படிப்படியாக மூன்றாகக் குறைக்கப்பட்டும் சரிவு நிற்கவில்லை. 1970இல் 14 அங்குலத்துக்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வந்தது. சிறியதை விட்டுப் பெரியதைப் பிடி என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதிக முட்டையிடும் முதிர்ந்த மீன்களே அதனால் அருகின. சில ஆண்டுகளில் விதி தலைகீழானது: நாளுக்கு இரண்டு மீன், அதுவும் 13 அங்குலத்துக்கு மேற்படாதவை. பெரியவை ஏரிக்கே உரியவை என்றானது. 1973இல் ஃபிஷிங் பிரிட்ஜில் தூண்டில் போடுவதும் தடைசெய்யப்பட்டது. இன்று மக்கள் அதன்மேல் நின்று கீழே நீந்தும் மீன்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பலன் விரைவில் தெரிந்தது. கிழக்குக் கரையின் கிளியர் கிரீக் ஓடையில் முட்டையிட ஏறும் மீன்களை எண்ணுவதற்கு ஒரு தடுப்பு இருந்தது. 1978இல் அங்கே 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் எண்ணப்பட்டன. 1980களில் முதிர்ந்த, பெரிய மீன்களின் பங்கும் கூடியது. முக்கால் நூற்றாண்டுக் கொள்ளைக்குப் பிறகும் ஏரி பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எழுந்து நின்றுவிட்டது. எடுத்ததால் வரும் நலிவு, எடுப்பதைக் குறைத்தால் தீரும் என்பதற்கு மீன்வள அறிவியலில் இதைப்போல் தெளிவான சான்றுகள் அதிகமில்லை. ஏரிக்குள் ஒன்றைக் கொண்டுவந்து போட்டதால் வந்த நலிவுக்கு இந்தக் கணக்குச் செல்லாது என்பது அடுத்த இருபது ஆண்டுகளில் தெரிந்தது.

அந்தக் கதை 1889இல் தொடங்குகிறது. அப்போது பூங்காவை நிர்வகித்தது இராணுவம். அதன் பொறுப்பிலிருந்த கேப்டன் ஃபிரேசர் பூட்டெல், மலைமேல் மீனே இல்லாத ஏரிகளும் ஓடைகளும் நிறைய இருப்பதைக் கண்டு, அவற்றில் மீன் விடும்படி அமெரிக்க மீன் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு மீனியல் அறிஞர் டேவிட் ஸ்டார் ஜோர்டன் பூங்காவின் நீர்நிலைகளை ஆராய்ந்தார். மலைநீரைக் கண்டால் டிரவுட் விட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்தத் தலைமுறையை உலகெங்கும் பற்றியிருந்தது. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் தொடங்கிய டிரவுட் குஞ்சு பொரிப்பகமும் அந்த ஆசையின் வழி வந்ததே. யெல்லோஸ்டோனில் லூயிஸ், ஷோஷோனி என்ற இரண்டு மீனற்ற ஏரிகளில் 1890இல் லேக் டிரவுட் விடப்பட்டது. மிச்சிகன் ஏரியிலிருந்து வந்த வகை அது. யெல்லோஸ்டோன் ஏரியிலும் வானவில் டிரவுட், ஏரிவாழ் அட்லாண்டிக் சால்மன் ஆகியவற்றை விட்டுப் பார்த்தார்கள், அவை நிலைக்கவில்லை. நீள்மூக்கு சக்கர் போன்ற சில மீன்கள் மட்டும் வந்து தங்கின. அவற்றால் பெருந்தீங்கு நேரவில்லை.

லூயிஸ் ஏரி நீர்பிரி முகட்டின் மறுபக்கம், ஸ்நேக் ஆற்று வடிகாலைச் சேர்ந்தது. வெஸ்ட் தம்ப் கரையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. நூறு ஆண்டுகள் அங்கிருந்த மீன் இங்கே வரவில்லை. 1994 ஜூலையில் யெல்லோஸ்டோன் ஏரியில் தூண்டில் போட்ட ஒருவரிடம் லேக் டிரவுட் சிக்கியது. அடுத்தடுத்து வலை போட்டுப் பார்த்தபோது, பல வயதுடைய மீன்கள் அகப்பட்டன. அதாவது அவை ஏற்கெனவே ஏரியில் இனப்பெருக்கம் செய்துகொண்டிருந்தன. மீனின் காதெலும்பில் படியும் தனிமங்கள், அது வாழ்ந்த நீரின் தன்மையைப் பதிவுசெய்து வைத்திருக்கும். அதை ஆராய்ந்தவர்கள், மூத்த மீன்களிற் சில லூயிஸ் ஏரியில் வளர்ந்து 1980களில் இடம்மாறியவை என்று கண்டார்கள். 1988இன் பெருங்காட்டுத்தீயை அணைக்க ஹெலிகாப்டரில் நீர் அள்ளியபோது மீனும் வந்திருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. நீர்வழியாகத் தானே வந்திருக்கலாம் என்பாரும் உண்டு. யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள் என்பதே பெரும்பாலோர் கருத்து. அது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தொலைவும் மலையும் காவல் என்று நம்பப்பட்ட ஏரிக்கு ஒரு வாளி நீர் போதுமானதாக இருந்தது.

லேக் டிரவுட் எல்லா வகையிலும் கட்த்ரோட்டுக்கு மாறானது. நாற்பது ஆண்டுக்கு மேலும் உயிர்வாழும். இருபது கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. ஆழ்நீரில் தங்குகிறது. முட்டையிட ஓடைக்குப் போகாமல், இலையுதிர்காலத்தில் ஏரிக்குள்ளேயே பாறைப் பரப்புகளில் இடுகிறது. ஆகவே கரடிக்கும் அகப்படாது, கழுகுக்கும் அகப்படாது. ஆனால் வளர்ந்த லேக் டிரவுட் ஒன்று ஆண்டுக்குச் சராசரி 41 கட்த்ரோட் மீன்களைத் தின்கிறது என 2003இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெருவாய்ப் பகைவனையே அறியாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த இனத்துக்குத் தப்பிக்கும் பழக்கம் இல்லை. போதாக்குறைக்கு, 1998இல் சுழல்நோய் என்ற ஒட்டுண்ணி நோய் ஏரியில் கண்டறியப்பட்டது. இளங்குஞ்சுகளின் குருத்தெலும்பைத் தாக்கி அவற்றை வட்டமிட்டுச் சுழலவைப்பது அது. 2000களின் தொடக்கத்தில் வறட்சி வந்து ஓடைகளின் வாய் ஏரியோடு சேராமல் வற்றியது. இம்மூன்றில் எது எவ்வளவு என்று பங்குபிரிப்பது கடினம் என்றாலும், முதற்காரணம் லேக் டிரவுட்தான் என்பதில் ஆய்வாளர்களிடையே வேறுபாடு இல்லை.

எண்ணிக்கை சரிந்த வேகம் நம்பமுடியாதது. கிளியர் கிரீக்கில் 2007இல் ஏறியவை 538. வடகரையின் பிரிட்ஜ் கிரீக் என்ற சிற்றோடையில் 1999இல் 2,363 மீன்கள் எண்ணப்பட்டன. 2004இல் ஒன்றே ஒன்று. மீனோடு ஒரு சங்கிலியே அறுந்தது. 1980களின் இறுதியில் ஏரியைச் சூழ்ந்த கரடிகள் ஆண்டுக்கு 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரவுட் தின்றதாக மதிப்பிடப்பட்டிருந்தது. இருபது ஆண்டு கழித்து அது சில நூறாகிவிட்டது. ஓடைக்கரையை விட்ட கரடிகள் எல்க் மான்கன்றுகளை முன்னிலும் அதிகமாகத் தின்னத் தொடங்கியதை 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆக, ஆழ்நீரில் வாழும் ஒரு மீன் மலைமேல் மேயும் மானின் தொகையைக் குறைத்துவிட்டது. விராலடிப்பான்களின் கூடுகள் அருகின. வெண்டலைக் கழுகுகள் அன்னம், நீர்ப்பறவைக் குஞ்சுகள் பக்கம் திரும்பின. மறுகோடியில், கட்த்ரோட் குஞ்சுகள் தின்றுவந்த மிதவை நுண்ணுயிரிகளில் பெரிய வகைகள் பெருகின; அவை பாசியைத் தின்றதால் ஏரி நீர் முன்னைவிடத் தெளிந்தது. பார்வைக்கு அழகு கூடிற்று என்பதுதான் இதில் வேடிக்கை.

பூங்கா நிர்வாகம் எடுத்த வழி மீன்பிடியே. கட்த்ரோட்டைப் பிடித்தவர் 2001 முதல் உடனே நீரில் விட்டுவிட வேண்டும். லேக் டிரவுட்டைப் பிடித்தவர் அதைக் கொன்றே ஆக வேண்டும். எண்ணிக்கை வரம்பு இல்லை. உண்ண விருப்பமில்லாதவர் காற்றுப்பையைக் குத்தி ஆழ்நீரில் அமிழ்த்திவிட வேண்டும் என்பதுவரை விதி உண்டு. ஆனால் தூண்டில் கரையோரத்தைத்தான் தொடும். பெருவேலை செவுள்வலையால் நடக்கிறது. 1990களின் நடுவில் பூங்கா ஊழியர் சிறிய அளவில் தொடங்கியதை, 2009 முதல், மிச்சிகன் ஏரி உள்ளிட்ட பேரேரிகள் (Great Lakes) பகுதியின் தொழில்முறை மீனவர்களைக் கூலிக்கு அமர்த்தி விரிவாக்கினார்கள். பனி உருகியது முதல் அக்டோபர்வரை வலைகள் நீரில் கிடக்கின்றன. ஓராண்டில் இறக்கப்படும் வலைகளை ஒன்றோடொன்று முடிந்தால் பல ஆயிரம் கிலோமீட்டர் வரும். கட்த்ரோட் மேல்நீரிலும் லேக் டிரவுட் அடிநீரிலும் திரிவது இங்கே கைகொடுக்கிறது: ஆழத்தில் இறக்கும் வலையில் வேண்டாத மீனே பெரிதும் விழுகிறது. வேறோர் உத்தியும் உண்டு. சில லேக் டிரவுட்டுகளின் உடலில் ஒலிக்கருவி பொருத்தி ஏரியிலேயே விட்டு, அவை கூடும் இடத்தைக் கண்டறிந்து அங்கே வலையைக் கொண்டுபோகிறார்கள்.

முதல் பதினைந்து ஆண்டுகளில் பிடித்ததைவிடப் பிறந்தது அதிகமாக இருந்தது. 2012 அளவில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட லேக் டிரவுட் ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்ததாகக் கணித மாதிரிகள் காட்டுகின்றன. அதன்பின் வலையின் கை ஓங்கியது. 2017இல் மட்டும் நான்கு லட்சத்தை ஒட்டிய மீன்கள் பிடிபட்டன. தொடக்கம் முதல் இதுவரை அகற்றியவை நாற்பது லட்சத்துக்கும் மேல். ஆண்டுச் செலவு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். பிடித்த மீனை விற்காமல், உண்ணவும் கொடுக்காமல், கிழித்து ஏரியின் ஆழத்திலேயே போடுகிறார்கள். நல்ல உணவு வீணாவதாகக் குறைசொல்பவர்கள் உண்டு. ஆனால் ஊட்டம் குறைந்த ஏரியிலிருந்து அத்தனை லட்சம் மீன்களின் பாஸ்பரஸை அள்ளிக்கொண்டு போவது வேறொரு சேதம் என்பதால் நிர்வாகத்தின் முடிவில் நியாயம் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தில் ஒரு முரண் இருக்கிறது. லேக் டிரவுட்டின் தாயகமான பேரேரிகளில் கடல் லாம்ப்ரே என்ற அயல் உயிரியும் மிகைமீன்பிடியும் சேர்ந்து 1950களுக்குள் அந்த இனத்தை மிச்சிகன் ஏரியிலிருந்து துடைத்துவிட்டன. அங்கே அதை மீட்க முயன்றவர்கள், பழைய மிச்சிகன் வகையின் வழித்தோன்றல் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடி, வயோமிங்கின் லூயிஸ் ஏரிக்கே வந்து முட்டை எடுத்துச்சென்றார்கள். ஒரே மீனை ஓரிடத்தில் பணம் கொடுத்து வளர்க்கிறார்கள், வேறோரிடத்தில் பணம் கொடுத்துக் கொல்கிறார்கள். இரண்டும் சரியே. இடம் மாறினால் ஓர் உயிரியின் மதிப்பும் மாறும் என்பதை மீன் ஆணையத்தின் முதல் தலைமுறை அறிந்திருக்கவில்லை.

வலையால் மட்டும் இந்த வேலை முடியாது. வலைக்கண்ணியில் சிக்காத அளவில் எப்போதும் இளமீன்கள் இருக்கும். மிஞ்சிய சில தாய்மீன்களும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே கவனம் முட்டையின்மேல் திரும்பியிருக்கிறது. முட்டையிடும் பாறைப் பரப்புகள் பத்துக்கு மேல் அடையாளம் காணப்பட்டுள்ளன. மொத்த ஏரியோடு ஒப்பிட்டால் அவற்றின் பரப்பு மிகச் சிறிது. வெஸ்ட் தம்பிலுள்ள கேரிங்டன் தீவை ஒட்டிய பரப்பில், பிடித்த லேக் டிரவுட்டின் உடல்களையே அரைத்துக் கொட்டிப் பார்த்தார்கள். அவை அழுகும்போது கற்களுக்கிடையேயுள்ள நீரின் ஆக்சிஜன் தீர்ந்து, முட்டைகள் மூச்சுமுட்டி இறந்தன. அதே விளைவைத் தர, சோயாவும் கோதுமையும் சேர்ந்த தாவரக் குளிகைகள் பின்னர் சோதிக்கப்பட்டு, இப்போது ஹெலிகாப்டரிலிருந்தும் தூவப்படுகின்றன. பனி உறையுமுன் சில வாரங்களில் செய்துமுடிக்க வேண்டிய வேலை இது.

பயன் தெரியத் தொடங்கியுள்ளது. முதிர்ந்த லேக் டிரவுட் பெருமளவு குறைந்துவிட்டது. ஆய்வு வலைகளில் இளம் கட்த்ரோட் மீண்டும் விழுகிறது; தூண்டில்காரர்களுக்குப் பெரிய கட்த்ரோட் அகப்படுகிறது; சில ஓடைகளில் முட்டையிடும் மீன்களும் அவற்றைத் தேடிவரும் கரடிகளும் திரும்பியிருக்கின்றன. எனினும் 1978இன் நிலை வரவில்லை. எல்லா ஓடைகளும் ஒரே வேகத்தில் மீளவும் இல்லை; சிற்றோடைகள் பின்தங்கியிருக்கின்றன. லேக் டிரவுட்டை அடியோடு ஒழிப்பது இயலும் என்று இப்போது யாரும் கூறுவதில்லை. தீங்கு செய்ய முடியாத அளவுக்குத் தாழ்த்தி, அந்த அளவிலேயே வைத்திருப்பதுதான் குறிக்கோள். வலைவீச்சை நிறுத்தினால் சில ஆண்டுகளில் அவை மீண்டும் பெருகிவிடும் என்பதால், இதற்கு முடிவுத் தேதி குறிக்கப்படவில்லை.

புதிய வரவுகளும் நின்றபாடில்லை. 2019 ஆகஸ்டில், லேக் டிரவுட்டுக்காகப் போட்ட வலையொன்றில் சிஸ்கோ என்ற, பூங்காவுக்கே உரியதல்லாத மீன் ஒன்று கிடைத்தது. பேரேரிகளில் லேக் டிரவுட்டின் இயல்பான இரை அது. இங்கே பெருகினால் கட்த்ரோட் குறைந்தாலும் லேக் டிரவுட் பட்டினி கிடக்க வேண்டியிராது, சிஸ்கோ கட்த்ரோட் குஞ்சுகளோடு மிதவை உணவுக்கும் போட்டியிடும். அது எப்படி வந்தது என்பதும் தெரியவில்லை. ஏரிக்குள் இறக்கப்படும் படகுகள் அனைத்தும் அயல் உயிரிகளுக்காகச் சோதிக்கப்பட்டு அனுமதிச் சீட்டுப் பெற்ற பின்னரே நீரில் இறங்க முடியும்; உயிருள்ள இரைமீனைத் தூண்டிலுக்குப் பயன்படுத்துவது பூங்கா முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது.